கூப்பனில் வந்த சீர்த்தட்டு

மாசாய்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி லோகேஸ்வரன் அவர்களுக்கும் அம்மா கிருஷ்ணகுமாரி அவர்களுக்கும், வீரமுத்து கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் என் மனைவி வெள்ளையம்மாவும் மகள் மலரும் முருகன் புண்ணியத்தில் சுகம். கெலாங் பாத்தாவில் தாங்களும் எங்கள் மாப்பிள்ளை ரூபேந்திரனும் அப்படியே சுகமாய் இருக்க வேண்டும். இதை வாட்சப்பிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் நான் நீளமாய் எழுதினால் தாங்கள் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். இது கட்டைவிரலுக்கு அடங்காத விஷயம், ஆகவே கடிதம்.

போன ஞாயிறு நிச்சயதார்த்தத்தில் தங்கள் வீட்டுக்கு நாங்கள் வைத்த பதினோரு தட்டுகளைப் பற்றி அம்மா நேற்று போன் போட்டுப் பாராட்டினார்கள். நான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டேன். "இவ்வளவு தரமான சாமான் எங்க சொந்தத்துல யாருமே வெச்சதில்லண்ணே. அந்தக் கடைசித் தட்டப் பாத்து எங்க வீட்டுல எல்லாரும் அசந்துட்டாங்க" என்றார்கள். சம்பந்தி, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இனி மறைப்பதில் நியாயமில்லை. அந்தப் பதினோரு தட்டும் கூப்பனில் வந்தவை!

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவும்தான் சொல்கிறேன், ஆனால் காரியம் வேறு. ஆவணியில் நடக்கப்போகும் கல்யாணத்துக்குச் சாப்பாடு, சாமான் எல்லாவற்றையும் ஒரு கேட்டரிங்காரரிடம் விட்டுவிடலாம் என்று தாங்கள் சொன்னீர்கள். வேண்டாம். அரிசி, எண்ணெய், அப்பளம், வந்தவர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்புப் பை வரைக்கும் வாங்கும் பொறுப்பு முழுவதையும் என்னிடம் விடுங்கள். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான், ஒரு ஆணி வீணாய்ப் போனாலும் எனக்குத் தூக்கம் வராது. என் தகுதி என்னவென்று தெரிந்தால் தாங்களே சரி என்பீர்கள், அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்துப் பேரங்காடியில் நோன்புப் பெருநாள் முடிந்ததும் மிச்சச் சரக்கைக் கழிக்கக் கூப்பன் விட்டார்கள், இரண்டு வாங்கினால் இரண்டு இலவசம், ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு கூப்பன்தான் என்று கீழே எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள், ஒரு கூப்பனை வைத்துக்கொண்டு ஒரு தட்டைக்கூட நிரப்ப முடியாதே, ஆகவே நான், வெள்ளையம்மா, மலர் மூவரும் ஆளுக்கொரு கவுண்டரில் முன்பின் தெரியாதவர்கள்போல் நிற்பது என்று திட்டம் போட்டேன். மலர் மட்டும் "அப்பா, நான் கல்யாணப் பொண்ணு லா, யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்று முரண்டு பிடித்தாள், பிறகு முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வந்து, வங்கியில் கொள்ளையடிக்க வந்தவள் மாதிரி நின்று, முதல் ஆளாய்க் காரியத்தை முடித்துவிட்டாள், என் பிள்ளையல்லவா!

கோளாறு வெள்ளையம்மாவால் வந்தது. நான் நெய் டின்னை எடுத்து மேசையில் வைக்கிறேன், அடுத்த வரிசையிலிருந்து, "ஏங்க! அந்த டின்னு நசுங்கியிருக்கு பாருங்க, வேற மாத்துங்க!" என்று ஒரு சத்தம். கடையே திரும்பிப் பார்த்தது. காசாளராய் இருந்த மலாய்க்காரப் பெண் மலாயில் என்னிடம் கேட்டாள், "அங்கிள், இவங்க உங்க மனைவியா?" என்று. நான் திட்டத்தை விடாமல், "யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. வெள்ளையம்மாவிடமும் கேட்டார்கள். அன்றைக்கென்று வெள்ளிக்கிழமை வேறு. வெள்ளையம்மா தாலியை வெளியே எடுத்துக் காட்டி, "வெள்ளிக்கெழம அதுவுமா, தாலி கட்டுன புருஷன இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது! அவருக்கு வருது பாருங்க, அவருக்கு நல்லா வருது!" என்று தமிழில் ஒரு பிடி பிடித்தாள், தமிழ் தெரியாதவர்களுக்கும் நன்றாய்ப் புரிந்தது. "அலமாக்!" என்று அந்தப் பெண் கண்ணில் நீர் வரச் சிரித்து மேலாளரைக் கூப்பிட்டாள். போச்சுடா, எல்லாம் போச்சு என்று நின்றேன். வந்தவர் ஒரு சீன அம்மா. கதையைக் கேட்டுவிட்டு, "அங்கிள்தான் இவங்களத் தெரியாதுன்னு சொல்லிட்டாரே, அப்ப இது ரெண்டு குடும்பம்" என்று தீர்ப்புச் சொல்லி இரண்டு கூப்பனையும் ஏற்றுக்கொண்டார்! சட்டப்படி ஜெயித்தேன் சம்பந்தி. வெள்ளையம்மா மட்டும் மோட்டார் சைக்கிளில் வீடு வரும்வரை என் தோளைப் பிடிக்கவே இல்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பலகார டின் எல்லாவற்றிலும் பச்சைப் பச்சையாய், ஓலையில் பின்னிய கெத்துப்பாட் சோற்றுப் பொட்டலத்தின் படம், 'செலாமட் ஹரி ராயா' என்று பெருநாள் வாழ்த்து. நான் அசரவில்லை. கெத்துப்பாட் மேலே சந்தனம், ராயா மேலே குங்குமம். தங்கள் வீட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லையே, அதுதான் என் கைவேலை! இன்னொரு சிக்கல், எல்லாம் இரட்டைப்படையில் வந்ததால் தின்கிற சாமான் பத்துத் தட்டோடு நின்றுவிட்டது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டுமே, என்ன செய்வது? கையில் மிச்சமிருந்தது சலவைத் தூள் மட்டும்தான். வெச்சேன்! ஏன் வெக்கக்கூடாது? குடும்பம் நடத்தப் போற புள்ளைங்களுக்கு துணி அழுக்காவாதா? தட்டை அலங்கரிப்பது பெண்கள் வேலை என்று வெள்ளையம்மா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள், திறந்தபோது சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி எல்லாம் ஜொலித்தது. அந்தக் கடைசித் தட்டைத்தான் தங்கள் வீட்டில் எல்லாரும் பார்த்து அசந்திருக்கிறீர்கள். பெரிய மனசுக்காரர்கள் தாங்கள்! எங்க ஆளுங்க யாரா இருந்தாலும் மூஞ்சிய சுளிச்சிருப்பாங்க.

ஆகவே சம்பந்தி, யோசிக்க வேண்டாம். சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், கல்யாணத்தை இந்த ஜொகூரே பேசும்படி முடித்துக் காட்டுகிறேன்.

தங்கள் வீட்டில் அரிசிப் பானையும் சிரிப்பும் என்றும் நிறைந்திருக்கவும், கடைகளில் விலை மட்டும் குறைந்துகொண்டே வரவும் வேண்டும்,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
வீரமுத்து.

பி.கு: சம்பந்தி அண்ணே, வெள்ளையம்மா எழுதுறேன். கவர ஒட்டி தபால்ல போடச் சொல்லி எங்கிட்ட குடுத்துட்டு அவரு குளிக்கப் போயிருக்காரு. மேல எழுதியிருக்கறத நம்பாதீங்க. ஒரு ராயா டின்னுகூட உங்க வீட்டுக்கு வரல. கதவச் சாத்திக்கிட்டு நானும் மலரும் எல்லாத்தையும் மாத்திட்டோம், அத்தனையும் முழு வெல குடுத்து வாங்குனது. கடைசித் தட்டுல சலவைத் தூள எடுத்துட்டு அந்த வெள்ளிக் குங்குமச்சிமிழ வெச்சதும் நாந்தான். கூப்பன் சாமான் பூராவும் எங்க கட்டிலுக்கடியில இருக்கு, அவரு குனிஞ்சு பாக்க மாட்டாரு, முட்டி வலி.

ஆனா அண்ணே, அவருகிட்ட இதச் சொல்லிடாதீங்க. வேலைய விட்டு நின்னதுலேருந்து மனுஷன் வாசல் கேட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. யாருகிட்டயும் பேச்சு இல்ல. எனக்குப் பயமாவே போச்சு. இந்தக் கூப்பன் வந்தப்புறந்தான் காலையில எந்திரிச்சு, சட்டைய மாட்டிக்கிட்டு, "வெள்ள, கெளம்பு"ன்னு கூப்புடுறாரு. அதனால "கல்யாணச் சாமான நீங்களே வாங்குங்க சம்பந்தி"ன்னு அவருகிட்ட மனசாரச் சொல்லிடுங்க. கேட்டரிங்காரருக்கு முன்பணம் நேத்தே நான் கட்டிட்டேன்.