நாளுக்கு முப்பத்தாறு கப்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு எழுதியிருந்தாய். அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. கடிதத்தின் முதல் வரியில் ‘நலம்’ என்று போட வேண்டும் என்று நம் இருவருக்கும் ஒரே டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் இருபத்து நான்கு வருடமாகப் புள்ளிவிவர அலுவலகத்தில் உட்கார்ந்து, பிறர் நிரப்பி அனுப்பும் படிவங்களில் எது மெய், எது பொய் என்று பிரித்துக்கொண்டிருப்பவள், ஆதாரம் இல்லாமல் அப்படி எழுத முடியுமா? பதினாறு கிலோ குறைந்திருக்கிறேன் என்கிறது எடை இயந்திரம். வயது பத்து கூடியிருக்கிறது என்கிறது கண்ணாடி. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, பத்து வருடமாக எனக்கு உடம்பைக் குறைக்க வழி சொன்னவள், போன வாரம் என்னைப் பார்த்து, “ஐயோ, ஏன் இப்படி எளைச்சுட்டீங்க, நல்லாத்தானே இருந்தீங்க” என்றாள். இதில் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ எனக்குப் பேச இடம் கொடுத்ததாக வரலாறு இல்லை.

நாளைக்கு ஆபரேஷனுக்குப் பிறகான ஆறாவது வாரப் பரிசோதனை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு மில்லி தண்ணீராவது உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் படுக்கை, மறுபடியும் கையில் ஊசி, மறுபடியும் சொட்டு மருந்து. நான் குடிப்பது முப்பத்தாறு கப். கப்புக்கு முப்பது மில்லி. பெருக்கிப் பார்த்தால் ஆயிரத்து எண்பது. பத்து நாளாக முப்பத்தேழாவது கப்போடு போராடுகிறேன். இறங்க மாட்டேன் என்கிறது. ஆகவே நாளை என்னை உள்ளே போட்டுவிடுவார்கள் என்றே வைத்துக்கொண்டு பையைக் கட்டிவிட்டேன். அதற்கு முன் உனக்கு நன்றி சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்ல வராது. எனக்கு வராது என்பது உனக்கும் தெரியும்.

ஆபரேஷனே வேண்டாம் என்றாய். “வயித்தை வெட்டிச் சின்னதாக்கிக்கிறதுக்குப் பேரு வைத்தியமாடி? என்கிட்ட மூணு மாசம் வந்து இரு, நான் கொறைக்கிறேன்” என்றாய். முந்நூறு பெண்களுக்கு மூன்று வேளை ஆக்கிப் போடும் விடுதிச் சமையலறையில் தங்கி ஒருத்தி இளைத்து வெளியே வருவாள் என்று நான் நம்பவில்லை. என் முழங்காலும் என் சர்க்கரையும் என்ன நிலையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டது நான். அதனால்தான் அந்த முதல் பன்னிரண்டு நாளும், ஒவ்வொரு மடக்கும் நெஞ்சுக்குக் கீழே கல் மாதிரி நின்றபோதும், யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மசித்த முட்டை ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் குளியலறைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து, “பரவாயில்லை, நல்லா இருந்துச்சு” என்றேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, டைம்கீப்பர் என்று பெயர் வைத்ததே நீதான். பஸ் டெப்போவில் முப்பது வருடமாக வண்டிகளை நேரத்துக்கு அனுப்புகிறவர், பெண்டாட்டிக்குத் தண்ணீரையும் அப்படித்தான் அனுப்பினார். காலை ஆறு மணிக்கு முதல் பஸ், பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று, மாலை ஆறேகாலுக்குக் கடைசி, மொத்தம் ஐம்பது டிரிப், ஆயிரத்து ஐந்நூறு மில்லி. லீவு போட்டுவிட்டு, அட்டவணையைச் சுவரில் ஒட்டி, ஆஸ்பத்திரியில் கொடுத்த குட்டி பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி, என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு டிக் போடுவார். அந்த டிக்கைப் போடும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மடக்கு குடித்துவிட்டு, அவர் அடுத்த கப்பைக் கழுவப் போனதும், மிச்சத்தை மூடி போட்ட ஜாடியில் ஊற்றிவிடுவேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஜாடியைக் குளியலறையில் கவிழ்த்துவிட்டு வருவேன். ஊரார் எழுதும் பொய்க் கணக்கைக் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள், வீட்டுக்குள் இதைச் செய்தேன். பன்னிரண்டு நாளும் ஒரே எண், ஆயிரத்து ஐந்நூறு, ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. இப்படி ஒரு படிவம் என் மேசைக்கு வந்திருந்தால் முதல் பார்வையிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் ஜாடியைக் கவிழ்க்கப் போன இடத்திலேயே மயங்கி விழுந்தேன். குற்றமும் சாட்சியும் ஒரே தரையில் கிடந்தன. இவரோ நான் முகம் கழுவத் தண்ணீர் எடுத்துப் போனதாக நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என் நாக்கைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார், மறுபடி நாக்கைப் பார்த்தார். “ஒன்றரை லிட்டர் குடிக்கிறவங்க எப்படிம்மா இப்படி வறண்டு போவாங்க?” என்றார். இவர், “ஒரு டிரிப் கூட கேன்சல் இல்ல சார்” என்றார். பிறகு சிறுநீரகத்தின் மேல் சந்தேகம் வந்து நான்கு சோதனை எழுதினார்கள். நான்குக்கும் கையை நீட்டினேனே தவிர உண்மையைச் சொல்லவில்லை. அக்கா, நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனுஷிக்கு இதைவிட வெட்கம் வேண்டாம்.

அப்போதுதான் நீ வந்தாய். என்னைப் பார்க்கவில்லை, நேரே வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றாயாம். இருபத்திரண்டு வருடமாக விடுதியில் பரிமாறும் இடத்தில் நிற்காமல், தட்டு திரும்பி வரும் இடத்தில் நிற்கிறவள் நீ. எவள் சாப்பிடவில்லை, எவளுக்கு உடம்புக்கு ஆகவில்லை, எவள் வீட்டுக் கடிதம் வந்து அழுகிறாள் என்று மிச்சத்தை வைத்தே சொல்வாய் என்று தெரியும். அந்தக் கண் என் ஜாடியின் மேல் படும் என்று மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இவரிடம் கேட்டாயே: “தம்பி, பஸ்ஸெல்லாம் டயத்துக்குக் கெளம்பியிருக்கு. போய்ச் சேர்ந்துச்சான்னு எந்த நோட்டுல இருக்கு?”

“அது அடுத்த டெப்போ பாத்துக்கும்க்கா,” என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். “அடுத்த டெப்போ, சொல்லு.”

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன் என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு அன்று என் உடம்பில் தண்ணீர் இல்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

அதன் பிறகு மூன்று வாரம் நீ எனக்குச் செய்ததை எப்படி எழுதுவது? எதிரே நாற்காலி போட்டு, அதே மாதிரி ஒரு குட்டிக் கப்பை நீயும் வைத்துக்கொண்டு, நான் ஒரு மடக்கு, நீ ஒரு மடக்கு. “முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டவ, ஒரு கப்புக்குக் காவல் இருக்கேன். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லித் தொலைடி, நிறுத்திக்கலாம். ஊத்திடாத.” சொன்னேன். சொன்னால் வலி பாதியாகிறது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, ஆனால் கப் மட்டும் காலியானது. எனக்கு நான்கு ஸ்பூன் சூப் வேண்டுமென்றால் உன் கைக்கு நாற்பது பேருக்குக் குறைவாக வைக்க வராது. எங்கள் அடுக்குமாடி முழுக்க, கீழே வாசற்காவலர் வரை, மூன்று வாரமும் வடிகட்டிய சூப்பையே குடித்தார்கள். காவலர் தனக்கு இரண்டு கிலோ இறங்கிவிட்டது என்று நன்றி சொல்லச் சொன்னார். கிளம்புவதற்கு முதல் நாள், விடுதி வழக்கப்படி கொதிக்க வைத்துக் கழுவுகிறேன் என்று அத்தனை பிளாஸ்டிக் கப்பையும் அடுப்பில் ஏற்றி, அவை வெயிலில் போட்ட மெழுகு மாதிரி மடங்கிப் போனதற்குக்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை. உடனே கடைக்கு ஓடிப்போய் ஆறு எவர்சில்வர் கப் வாங்கிவந்து, “அதே அளவுதான்டி, பாத்து வாங்கினேன்” என்றாய். அதில்தான் குடிக்கிறேன்.

இனி என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இப்போது டிக் போடுவது நான். குடித்து முடித்த கப்புக்குத்தான் டிக். யாரும் என்னை ஏமாற்ற முடியாது, நானும் என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. ஆயிரத்து எண்பது என்றால் ஆயிரத்து எண்பதுதான். நாளை டாக்டர் கேட்டால் அதைத்தான் சொல்வேன். உள்ளே போட்டால் போடட்டும். லீவுக்கு இங்கே வருகிறேன் என்று எழுதியிருந்தாய், வர வேண்டாம். உனக்கும் இடுப்பு வலி, நீ படுத்துக்கொள்ள வேண்டிய நாட்கள் அவை. உன் விடுதிப் பெண்கள் அத்தனை பேரும் தட்டைக் காலிசெய்து உன்னைச் சும்மா உட்கார வைக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்களுக்கு அது வேண்டுமென்றால்.

உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

பையோடு போனோம். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கொடுத்து, விழுங்குவதைப் பார்க்க வேண்டும், குடியுங்கள் என்றாள். குடித்தேன். முடிந்துவிட்டது. “இவ்வளவுதானா?” என்று கேட்டேன். “முப்பது மில்லிதாங்க, எப்பவும் அதுதானே” என்றாள். எனக்கு ஏதோ உறைத்தது. பையைத் திறந்து நீ வாங்கிக்கொடுத்த கப்பை எடுத்து நீட்டினேன். அவள் ஊசிக்குழாயில் தண்ணீர் எடுத்து விட்டாள். பத்து, இருபது, முப்பது. கப்பில் இன்னும் இடம் இருந்தது. விளிம்புக்குச் சற்றுக் கீழே, நான் தினமும் ஊற்றும் மட்டத்தில், நாற்பதில் நின்றது.

இவர் சுவரில் இருந்த கைகழுவும் முறைப் படத்தை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க,” என்றேன்.

“டிரிப் அதேதாம்மா,” என்றார், திரும்பாமல். “பஸ்ஸைத்தான் அக்கா பெருசாக்கிட்டாங்க.”

நாற்பதை முப்பத்தாறால் பெருக்கினேன். ஆயிரத்து நானூற்று நாற்பது. அளந்து பார்க்காமல் ஒரு எண்ணைப் பத்து நாள் நம்பியிருக்கிறேன்; மேலே நான் எழுதிய கடைசிப் பத்தியை நீ படிக்காமல் விடலாம். பிளாஸ்டிக் கப்புகளை நீ தெரியாமல்தான் உருக்கினாயா என்று நான் கேட்கப் போவதில்லை. கோபப்பட வேண்டும் என்று நினைத்து முயற்சி செய்தேன். நர்ஸின் முன்னால் சிரிப்பு வந்துவிட்டது, தையல் போட்ட இடம் வலிக்கும் அளவுக்கு. லீவுக்கு வா. படுத்துக்கொள்ள என் அறையைத் தருகிறேன். சூப் வைக்கச் சின்னப் பாத்திரம் ஒன்று நான் வாங்கி வைக்கிறேன்.

ரத்தச் சோதனையெல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் ஃபைலை மூடிவைத்துவிட்டு, “அப்புறம், எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கேன்,” என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன்.