என் ஃபியட்டுக்கு ஒரு ரேஸ் சைலன்சர்

என் காரை என் மனைவிக்குத் தருவதில்லை என்று ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். மனசுக்குள்தான். வெளியே சொல்லும் தைரியம் இருந்திருந்தால் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கார் என்றால் பழைய ஃபியட். எண்பத்தாறாம் வருடத்து வண்டி. எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிக் களைத்தது. மேலே ஒரு கேரியர், கீழே கொஞ்சம் துரு, நடுவில் நான். எனக்கு மீனம்பாக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. இரவு பத்திலிருந்து காலை நாலரை வரை. பத்தொன்பது வருடமாக நிலாவைப் பார்த்துக்கொண்டு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவன். ஊர் மொத்தமும் தூங்கும்போது என்னோடு விழித்திருக்கும் ஒரே ஜீவன் அந்த ஃபியட். பகலில் நான் போர்வைக்குள் தூங்குவேன். அது எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே கவருக்குள் தூங்கும்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் ஆபத்து வந்தது. என் மனைவி சரளா படப்பையில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் ஒரு பஸ், தாம்பரத்திலிருந்து படப்பைக்கு ஒரு பஸ். இரண்டிலும் உட்கார இடம் கிடைக்காது. ஒரு சாயங்காலம் காபியோடு ஒரு அட்டையையும் நீட்டினாள். டிரைவிங் லைசென்ஸ்!

"இது எப்போ?"

"நீங்க தூங்கிட்டிருந்தப்போ."

"கார் ஓட்டவா கத்துக்கிட்ட?"

"பின்ன, கப்பலா? ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்துட்டு பிரேக் இன்ஸ்பெக்டரே பாராட்டினாரு."

"சரி, சந்தோஷம். ஆனா வண்டி ராத்திரி முழுக்க ஓடுதே. பகல்ல அதுவும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்க வேணாமா?"

"அதுக்கு என்னங்க, உடம்பு வலியா? நீங்க தூங்கறீங்க, சரி. காரு எதுக்குத் தூங்கணும்?"

காபியைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு திட்டம் போட்டேன்.

சரளா சத்தத்துக்குக் கூச்சப்படுகிறவள். குக்கர் நாலாவது விசில் அடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று ஓடிப்போய் அணைப்பாள். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அன்றைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டாள். கிடங்கில் கிடைத்த பழைய மோட்டார் பத்திரிகைகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தே பாதி மெக்கானிக் ஆனவன் நான். ஃபியட்டின் பழைய சைலன்சர் எப்படியும் ஓட்டை. அதை மாற்றுகிற சாக்கில், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒன்றை மாட்டிவிட்டால்? ஒரு டீச்சர் அதை எப்படி ஓட்டுவாள்?

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் கிடைத்தது. ஏதோ ரேஸ் காரிலிருந்து கழற்றிய சைலன்சர். பளபளவென்று ஸ்டீல். பின்பக்கம் வாய் மட்டும் சாம்பார் வாளி அகலம். தூக்கிக்கொண்டு மெக்கானிக் சிட்டிபாபுவின் ஷெட்டுக்குப் போனேன்.

"இன்னா சார் இது, பீரங்கியா?"

"மாட்ட முடியுமா?"

"மாட்டலாம். பைப்பு அளவு ஒத்துக்காது. வெட்டி, வெல்டு வெச்சி, ரப்பர்ல தொங்க விடணும். ஆனா சவுண்டு பேஜாரா இருக்கும் சார். அண்ணி திட்ட மாட்டாங்களா?"

"திட்டணும்னுதான் மாட்டறேன்."

சிட்டிபாபு என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஸ்டார்ட் செய்தபோது ஷெட் கூரையிலிருந்த காக்காய்கள் வண்டலூர் பக்கம் பறந்தன. அபாரம்! வீட்டுக்கு ஓட்டி வந்து, கார் நிறுத்துமிடத்தில் இறங்காமலே மூன்று தடவை ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களோ என்று ஒரு பயம். மணி காலை பதினொன்று. ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். பதினொரு மணிக்கு ஊரில் எல்லோரும் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் போயிருப்பார்கள் என்பது, பகலில் விழித்திருப்பவனுக்கல்லவா தெரியும்!

சாயங்காலம் சரளாவைக் கூப்பிட்டு ஸ்டார்ட் செய்து காட்டினேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயய்யோ! என்னங்க இது?"

"புது சைலன்சர். இழுவை ஜாஸ்தி. நாளைக்கு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறியா?"

"இதையா? எல்.கே.ஜி. குழந்தைங்க அலறியடிச்சு ஓடிடும். வேணாங்க, நீங்களே வச்சுக்குங்க."

நீங்களே வச்சுக்குங்க! கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. அன்று டூட்டியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள்.

அடுத்த ஒரு வாரம் பொற்காலம். காலை ஐந்து மணிக்கு கேட்டுக்குள் நுழையும்போது ஒவ்வொரு மாடியாக விளக்கு எரிந்தது. பால்கனிகளில் ஆட்கள். பத்தொன்பது வருடமாக இருட்டுக்குள் வந்து இருட்டுக்குள் படுத்தவன். முதல்முறையாக நான் வருவதைப் பார்க்க யாரோ எழுந்து நிற்கிறார்கள். கண் கலங்கிவிட்டது. மூன்றாம் மாடி பேபி அக்காவைப் பார்த்துக் கையசைத்தேன். அவரும் கையை ஆட்டினார். அசைவு கொஞ்சம் வேகமாக இருந்ததை நான் அன்பு என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு சரளா என்னை உலுக்கினாள். எனக்கு அது நட்ட நடுநிசி.

"எழுந்திருங்க. குடியிருப்போர் சங்கக் கூட்டம்."

"நீ போயேன்."

"வருஷத்துக்கு ஒரு தடவைங்க. உங்க வண்டியைப் பத்திப் பேசப்போறாங்களாம். நான் பார்த்துக்கறேன், நீங்க சும்மா பக்கத்துல வந்து உட்காருங்க."

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில். பிளாஸ்டிக் நாற்காலியை ஃபியட்டை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். செயலாளர் அசரியா சார், ஓய்வு பெற்ற தபால்காரர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நம்ம குடியிருப்புல ஒரு வாகனம் தினமும் காலையில அஞ்சு மணிக்கு…"

"வாகனமா அது?" பேபி அக்கா எழுந்துவிட்டார். "எங்க வீட்டு ஷோகேஸ்ல கிளாஸ் எல்லாம் ஆடுது சார்! மொதல்ல அதைக் கழட்டச் சொல்லுங்க!"

"கழட்டு! கழட்டு!" என்று நாலு குரல்.

அப்போது சரளா எழுந்தாள். கூட்டத்தில் வாயே திறக்காத சரளா!

"அவர் ஆசையா வாங்கி மாட்டினது. கழட்டச் சொல்லாதீங்க, பாவம். அதுக்குப் பதிலா ஒரு நேரம் வச்சுக்கலாமே. எட்டரைக்கு எல்லாரும் சீரியல் பார்க்கறோம், அப்புறம் தூங்கறோம். அதனால ராத்திரி எட்டரையில இருந்து காலையில ஆறரை வரைக்கும் அந்த வண்டி கேட்டுக்குள்ளயே நிக்கணும், ஸ்டார்ட் பண்ணக்கூடாது. மத்த நேரம் ஓட்டிக்கட்டும். பகல்ல யாருக்குத் தொந்தரவு?"

கைதட்டல். எனக்காக, என் சைலன்சருக்காக, ஒருத்தி இத்தனை பேர் நடுவில் வாதாடுகிறாள்!

"ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் அசரியா சார்.

எல்லோருக்கும் முன்னால் என் கைதான் உயர்ந்தது. தூக்கம் தள்ளியது. தூக்கிய கை ஃபியட்டின் கேரியரைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு கூட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. யாரோ வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். படுத்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. எட்டரையிலிருந்து ஆறரை! நான் வெளியே போவதும் வருவதும் அந்த நேரத்தில்தானே!

வாயில் நுரையோடு சமையலறைக்கு ஓடினேன். "சரளா! அப்போ நான் டூட்டிக்கு எப்படிப் போறது?"

"எலக்ட்ரிக் ட்ரெயின் இருக்கே. ஒன்பது அஞ்சுக்கு ஏறினா மீனம்பாக்கத்துல இறங்கி நடக்கலாம். சுகருக்கும் நல்லது."

"அப்போ கார்?"

"பகல்ல சும்மாதானே நிக்கும். நான் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"சத்தம்? குழந்தைங்க அலறியடிச்சு ஓடும்னியே!"

"பார்த்துக்கலாங்க. வாயைக் கொப்பளிங்க மொதல்ல."

திங்கட்கிழமை காலை ரயிலில் வந்து படுத்தேன். தூங்கவில்லை. அவள் ஸ்டார்ட் செய்வாள், காது கிழியும், கூச்சப்பட்டு இறங்கி வருவாள் என்று காத்திருந்தேன். ஏழு, ஏழேகால், ஏழரை. சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டேன்! பால்கனிக்கு வந்து எட்டிப்பார்த்தேன்.

கார் இல்லை. கவர் மட்டும் அழகாக மடித்து வைத்திருந்தது.

சிட்டிபாபு ஷெட்டுக்கு ஓடினேன்.

"நேத்து மதியமே அண்ணி வண்டியைக் கொண்டாந்துட்டாங்க சார். ஞாயித்துக்கெழமையாச்சேன்னேன். கேக்கல. புச்சா கம்பெனி சைலன்சர் வாங்கிக்கினு வந்துருந்தாங்க. மாட்டிட்டேன். இப்ப வண்டி பூனை மாதிரி போவுது."

"நான் எங்கே இருந்தேன்?"

"தூங்கிக்கினு இருந்தியாமே!"

"என் ரேஸ் சைலன்சர்?"

"சந்தையில வித்துட சொல்லிட்டாங்க. வெள்ளிக்கெழமை எடுத்துகினு போவேன்."

சரி. ஒரு வகையில் நல்லதுதான். சத்தம் போனால் தடையும் போக வேண்டும் அல்லவா? நேராக அசரியா சாரிடம் போனேன். பதிவேட்டைத் திறந்து, விரலை வைத்துப் படித்தார்.

"இதுல சைலன்சர்னு எங்கயும் இல்லை சார். 'அந்த வண்டி'ன்னுதான் இருக்கு. தீர்மானத்தை மாத்தணும்னா செயலாளர்கிட்ட மனு குடுங்க."

"குடுக்கறேன் சார், வாங்கிக்குங்க."

"நான் இப்போ செயலாளர் இல்லையே. நேத்து புது ஆளைத் தேர்ந்தெடுத்தோமே, நீங்களும் ஓட்டுப் போட்டீங்களே!"

"நானா?"

"மொதல் ஓட்டே உங்களுதுதான். தூக்கின கையை நீங்க கீழேயே இறக்கலை. மேடம்னா உங்களுக்கு எவ்ளோ மரியாதைன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

"எந்த மேடம்?"

அசரியா சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சாயங்காலம் சரளா கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். முகத்தில் பஸ் கசங்கல் இல்லை. இரண்டு பஸ் ஏறி இறங்குகிற நாளில் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதைச் சொன்னால் வழக்கு பலவீனமாகிவிடும் என்று சொல்லவில்லை. எழுதி வைத்திருந்த மனுவை நீட்டினேன்.

"சங்க விஷயத்தை வீட்டு நேரத்துல பேசக்கூடாதுங்க" என்றாள், கையை நீட்டாமலே. "மத்தவங்க என்ன நினைப்பாங்க? மனு வாங்கறதுக்குத் தனியா நேரம் போட்டிருக்கேன்."

"எப்போ?"

"தினமும் ராத்திரி ஒன்பதரையில இருந்து பத்து."

ஒன்பதரைக்கு நான் பல்லாவரம் தாண்டி ரயிலில் நின்றுகொண்டிருப்பேன்.