இசப்கோலும் இரண்டு வருஷக் காத்திருப்பும்

வயிற்றை நம்பி வெளியூர் கிளம்பக் கூடாது. அதிலும் நேற்றுத்தான் திருந்திய வயிற்றை நம்பவே கூடாது. எனக்கு இது மதுரை விமான நிலையத்தில் வைத்துத் தெரியவந்தது.

என் வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். கீழக்கரையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே கதைதான். ஆண்கள் பிழைப்புக்காக வெளிநாட்டுச் சபர் போயிருப்பார்கள். பெண்கள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். அந்தத் தடவை அவர் போய் இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. வீடியோவில் முகம் வரும், வாசனை வராது. அதற்காக அவருடைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் பீரோவில் வைத்திருந்தேன். (நாளாக ஆக அதில் பாச்சை உருண்டை நெடிதான் மிச்சம். இருந்தாலும் எடுத்து மோந்து பார்ப்பேன்.)

அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நான் அடுப்படிக் கதவோரம் நின்று எட்டிப் பார்ப்பேன். இந்த முறை வெளியே வந்ததும் அவர் பார்க்கிற முதல் முகம் என்னுடையதாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கத்தை விட்டு மாமியாரிடம் கேட்டேவிட்டேன்.

"அதுக்கென்ன புள்ள, நீ முன்னால நில்லு. நான் பின்னால நிக்கிறேன்" என்றார்.

முகம் சரி, இடுப்பு? இரண்டு வருஷ ஏக்கத்தைத் தொதல் அல்வாவும் நெய்ச்சோறுமாகத் தின்று ஆற்றியிருந்தேன். அன்று போட்டுக்கொள்ள அவர் அனுப்பிய அபாயா அங்கியிலோ இடுப்பில் கட்ட ஒரு நாடா இருந்தது. லீவும் வழக்கம்போலக் கடைசி நேரத்தில்தான் உறுதியானது. போனில் பார்த்த வீடியோவில் ஒரு டாக்டரம்மா நார்ச்சத்து சாப்பிட்டால் வயிறு வற்றும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும் என்றும் சொன்னார். (அது பொறுமைசாலிகளுக்கு. எனக்கோ மறுநாளே அவர் ஃபிளைட் வந்து இறங்கிவிடும்.)

காலையில் ஓட்ஸ், மதியம் சோற்றுக்குப் பதில் கொண்டைக்கடலை, ராத்திரி இசப்கோல் உமி. டப்பாவில் ஒரு ஸ்பூன் என்று போட்டிருந்தது. நான் குழம்புக் கரண்டியால் அள்ளினேன். வாழ்நாளெல்லாம் வெள்ளைச் சோறு தின்று வளர்ந்த வயிறு, ஒரே நாளில் வந்து இறங்கிய இத்தனை விருந்தாளிகளைப் பார்த்துத் திகைத்துப் போயிருக்கவேண்டும். விடிந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் கார் ஏறுகிற நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் எங்கே போய் இறங்குவது?

ராமநாதபுரம் தாண்டும்போது வயிறு உப்ப ஆரம்பித்தது. பரமக்குடியில் நாடாவை இளக்கினேன். மானாமதுரையில் அவிழ்த்துக் கைப்பைக்குள் போட்டேன். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் ஒரு அம்மா அவசரமாக எழுந்து இடம் கொடுத்தார்.

"உக்காரும்மா. எத்தனை மாசம்?"

மகன் இரண்டு வருஷமாக ஊரில் இல்லாத என் மாமியார்தான் பதில் சொன்னார். "மாசமெல்லாம் இல்லம்மா. எல்லாம் நேத்துல இருந்துதான்."

பிறகு என் பக்கம் குனிந்து, "என்னத்தத் தின்னு தொலைச்ச?" என்று கேட்டார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து, முழுசையும் குடிக்க வைத்தார். சற்று நேரத்தில் வயிற்றுக்குள் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. அதே நேரம் கண்ணாடிக் கதவு திறந்து பெட்டிகளோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பல்லைக் கடித்து நின்று பார்த்தேன். முடியவில்லை. கழிவறைக்கு ஓடினேன்.

உள்ளே உட்கார்ந்திருந்தபோது, அவர் வந்திருப்பார், என்னைத் தேடியிருப்பார் என்று நினைத்து நினைத்து அழுகை முட்டியது. இதற்காகவா இத்தனை நாள் காத்திருந்தேன்?

"நசீமா."

வெளியே, கதவுக்கு அந்தப் பக்கம். போனில் கேட்கிற கரகரப்பு இல்லாத அசல் குரல்.

"போங்க மச்சான். கொஞ்சம் தூரமாப் போய் நில்லுங்க."

"ரெண்டு வருஷமா தூரமாத்தானே இருந்தேன். மெதுவா வா புள்ள. நான் எங்கயும் போகல."

அதற்கப்புறம் வாயில் முக்காட்டுத் துணியை வைத்து அழுதேன். வலியா, மானம் போனதா, சந்தோஷமா என்று பிரிக்கத் தெரியவில்லை. முகம் கழுவி வெளியே வந்தபோது, போகிற வருகிற பெண்கள் முறைப்பதைப் பொருட்படுத்தாமல் தள்ளுவண்டியோடு அங்கேயேதான் நின்றிருந்தார்.

மாமியார் இதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் போதும், வெளியிலிருந்து குரல் வரும்: "மெதுவா வா புள்ள, நான் எங்கயும் போகல." கொழுந்தன்மார் சொல்வார்கள், நாத்தனார் பிள்ளைகள் சொல்லும். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

லீவு முடிந்து அவர் பெட்டி கட்டுகிற நாளில் மட்டும் அதை யாரும் சொல்வதில்லை.