மல்லாட்டைக்கு அடித்த மாதிரி ஒரு கிளியர் கோட்

நிறமே இல்லாத ஒரு பெயின்ட்டை என் கையில் கொடுத்தது யாருடைய தப்பு என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. மருமகள் தன் தப்பு என்கிறாள். மகன் டப்பா செய்தவன் தப்பு என்கிறான். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் வாயைத் திறக்காமல் விரலை நீட்டி என்னைக் காட்டுகிறார்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். பேச்சு அதைவிடக் கம்மி. சம்பந்தி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று "வாங்க" என்பேன். அந்த "வாங்க" கதவுக்கே கேட்காது. மருமகள் நித்யா வந்து மாதங்கள் ஓடியும், "சாப்ட்டியாம்மா" என்பதைத் தாண்டி அவளிடம் எனக்கு வார்த்தை வரவில்லை.

அவள் அப்பா செங்கம் பக்கம் விவசாயி. மகள் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் ஒரு நீல ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் அவளோடு அடி அண்ணாமலைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்த இடத்தில் எங்கள் பசுவுக்கு அதை ரொம்பப் பிடித்துப் போயிற்று. அதுவரை தென்னை மரத்தில் முதுகு சொறிந்துகொண்டிருந்த மாடு, ஸ்கூட்டருக்கு மாறிவிட்டது. (கொம்போடுதான்.) வண்டியின் ஒரு பக்கம் முழுக்கக் கோடு கோடாகக் கீறல்.

அந்த நேரம் பார்த்து சம்பந்தி போன் செய்தார். நாளைக்குப் பௌர்ணமி, மலை சுற்ற வருகிறேன், சாப்பாடு உங்கள் வீட்டில்தான் என்றார். நித்யாவின் முகம் வாடிப்போனது.

"அப்பா இதப் பாத்தா அவ்ளோதான் அத்தை. என்னை வளத்த மாதிரி இந்த வண்டியத் தொடச்சித் தொடச்சி வெச்சிருந்தாரு."

வண்டியையே இந்த லட்சணத்தில் வைத்திருக்கிறார்கள், பெண்ணை எப்படி வைத்திருப்பார்கள் என்று அந்த மனிதர் நினைக்க மாட்டாரா?

நித்யா கெட்டிக்காரி. போனில் வீடியோ பார்த்தாள், டவுனுக்குப் போய் ஸ்பிரே டப்பாக்கள் வாங்கி வந்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் படக்கூடாத இடத்தில் பேப்பர் ஒட்டி, நீலம் அடித்தாள். மாடு உரசிய சுவடே இல்லை.

"இதுக்கு மேல கிளியர் கோட் அடிச்சா முடிஞ்சுது அத்தை. பளபளன்னு இருக்கும், வெயில் மழை தாங்கும்" என்று அதிலும் ஒரு சுற்று அடித்தாள். அப்போது வேங்கிக்காலில் அவள் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். மகன் கொண்டுபோய் விட பைக்கை எடுத்தான்.

"அத்தை, இது கொஞ்சம் காஞ்சதும் இன்னும் ஒரே ஒரு கோட் நீங்க அடிச்சிடறீங்களா? லேசா, பனி மாதிரி. எட்ட நின்னு அடிங்க."

மருமகள் என்னிடம் கேட்ட முதல் உதவி. பனி மாதிரி என்றால் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம், மண்டையை ஆட்டினேன். வெட்கத்துக்கு அடியில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு மல்லாட்டைக்கு (வேர்க்கடலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) மருந்து அடித்தவளாக்கும் நான். இந்த ஒரு சாண் டப்பா எனக்கு எம்மாத்திரம்?

முந்தானையால் மூக்கைக் கட்டினேன். வயலில் நிற்பதுபோலவே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி அடித்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. அடித்ததே கண்ணுக்குத் தெரியாதபோது, போதுமா போதாதா என்று எதை வைத்துச் சொல்வது? மருந்துக்கென்றால் எனக்குக் கணக்கு தெரியும். இலை நனைந்து சொட்ட வேண்டும், இலைக்கு அடியிலும் பட வேண்டும். சரி, இதுவும் சொட்டட்டும் என்று முடிவு செய்தேன். குனிந்து மட்கார்டுக்குள் அடித்தேன். கால் வைக்கும் பலகைக்குக் கீழே அடித்தேன். டப்பா வெறும் காற்றை விட்டபோதுதான் என் கை நின்றது.

சொட்டியது. பிரமாதமாகச் சொட்டியது. மேலிருந்து தடித்தடியாக ஒழுகி, பாதி வழியில் நின்று முத்து முத்தாகத் தொங்கியது. ஒன்றை விரலால் துடைத்தேன், என் ரேகை பதிந்தது. ரேகையை முந்தானையால் துடைத்தேன், முந்தானையின் நூல் அங்கேயே தங்கிவிட்டது. என் முதுகுப் பக்கம் மாட்டுக்கொட்டகை இருப்பதை நான் யோசிக்கவில்லை. அங்கிருந்து வந்த காற்று வைக்கோல் தூசியை எல்லாம் கொண்டுவந்து வண்டியில் சேர்த்தது. போதாததற்கு ஒரு பச்சைப் பூச்சி பறந்து வந்து உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "ஏன்டி, வண்டி என்னாத்துக்கு அழுவுது?" என்றார்.

சாயங்காலம் நித்யா வந்து பார்த்தாள். ஒரு சொட்டை விரல் நுனியால் தொட்டாள். பிறகு, "பரவால்ல அத்தை" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வாசலில் மலை சுற்றும் கூட்டம். அதற்கு நடுவே பைக்கை உருட்டிக்கொண்டு சம்பந்தி வந்து சேர்ந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நேராக ஸ்கூட்டரிடம் போனார். நான் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால்.

"என்னா கண்ணு இது?"

"கொஞ்சம் கீறலாச்சுப்பா. நான்தான் பெயின்ட் அடிச்சேன், சரியா வரல" என்றாள் நித்யா.

"ஒரு வேலைய பொறுமையா செய்யத் தெரியுதா ஒனக்கு? எடுத்தோம் கவுத்தோம்னு! போன எடத்துலயும் இப்படித்தான் நடந்துக்கறியா? அவங்க என்ன நெனைப்பாங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. எனக்குக் கால் எப்படி வந்தது என்று தெரியாது. கதவைத் தாண்டி வாசலில் நின்றேன்.

"அவ இல்லீங்க. நான்தாங்க அடிச்சேன். அவ லேசாத்தான் அடிக்கச் சொன்னா. நான் மல்லாட்டைக்கு மருந்து அடிக்கற மாதிரி அடிச்சிட்டேங்க. மருந்து ஜாஸ்தியா பூடுச்சி."

அவரிடம் நான் அத்தனை வார்த்தை பேசியது அதுதான் முதல்முறை. சம்பந்தி வண்டிப் பக்கம் திரும்பி, குனிந்து, ஒரு சொட்டை உற்றுப் பார்த்தார். அதற்குள் அந்தப் பச்சைப் பூச்சி.

"மருந்து நல்லாத்தான் வேல செஞ்சிருக்குது சம்பந்தியம்மா," என்றார். "பூச்சி செத்திருக்குது பாருங்க."

முதலில் சிரித்தது நித்யா. அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நான்.

அந்தப் பக்கத்தைத் தேய்த்து மறுபடி அடிக்கலாம் என்றான் மகன். நித்யா விடவில்லை. சொட்டும் பூச்சியுமாகத்தான் இன்றும் வேங்கிக்காலுக்குப் போய் வருகிறாள்.

சம்பந்தி இப்போதும் பௌர்ணமிக்கு வருகிறார். ஆனால் பைக்கை எங்கள் வீட்டுப் பக்கம் கொண்டுவருவதே இல்லை. நாலு வீடு தள்ளி டீக்கடையில் நிறுத்திவிட்டு நடந்து வந்து, வாசலில் நின்று குரல் கொடுப்பார்: "சம்பந்தியம்மா, கையில டப்பா எதுனா கீதா? உள்ள வரலாமா?"

"புது டப்பா வாங்கி வெச்சிருக்கேங்க," என்பேன், தெருவுக்கே கேட்கும்படி. "போய் வண்டியையும் எடுத்துக்கினு வாங்க!"