அய்சிரெக்குக்கு மடிக்கணினி வாங்கப்போய் நான் மாணவனானது

நாரின், ஜூலை 9

மதிப்பிற்குரிய அக்கா சாய்ராகுல் அவர்களுக்குத் தம்பி துர்துபெக் எழுதுவது. நாங்களும் ஆடு, குதிரைகளும் நலம். பிஷ்கெக்கில் நீங்களும், அத்தானும், அத்தானின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

என் மகள் அய்சிரெக்குக்குக் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்தது தெரிந்ததே. படிப்பை முடித்தவர்களுக்குப் பள்ளியில் ஒரு தள்ளுபடித் திட்டம் வைத்தார்கள். பாதி விலையில் மடிக்கணினி, ஆனால் மூன்றே வகை, வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். கால்நடைச் சந்தைத் தரகனான நான் எதையும் தூக்கிப் பார்க்காமல் வாங்கியதில்லை. மூன்றையும் தூக்கிப் பார்த்ததில், கனமானதுதான் பத்துக் குளிர்காலம் தாங்கும் என்று தோன்றியது. அய்சிரெக் மெல்லியதைக் காட்டினாள்.

"தீனி கிடைக்காத கன்னுக்குட்டி மாதிரி இருக்கேம்மா."

"விடுதியில அஞ்சாவது மாடிப்பா. லிஃப்ட் கிடையாது. நீங்களா வந்து தூக்கப்போறீங்க?"

"வாரம் ஒருதடவை வர்றேன்."

அதற்குப்பின் மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. வியாழனன்று அவள் பெயரை நானே பதிந்துவிடலாம் என்று பள்ளிக் கணினி முன் உட்கார்ந்தேன். உங்கள் பெயர் என்று கேட்டது, என் பெயரை எழுதினேன். படம் கேட்டது, சிரித்தேன். வாழ்த்துகள், மாணவர் துர்துபெக் என்றது. ஆசிரியை நுர்சாத் எட்டிப் பார்த்து, "தள்ளுபடியில மிச்சமிருந்ததே ஒரு இடம், அதுல நீங்க உக்காந்துட்டீங்க. மீசைய எடுத்துட்டு வகுப்புக்கு வாங்க" என்றார். அய்சிரெக் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

மறுநாள் மதியம்வரை முயன்று அந்தத் திட்டத்தின் தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"மாணவருக்கு என்ன வயசு?" என்றாள் அங்கிருந்த பெண்.

"நாப்பத்தொம்பது."

"எத்தனை வருஷமா அதே வகுப்பு?"

"தாயி, எங்க வீட்டுலேருந்து கல்லூரிக்குப் போற முதல் ஆளு என் பொண்ணு. கெடுத்தது நான். என் பேரை அடிச்சுட்டு அவ பேரைப் போடும்மா."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "போட்டாச்சு. எந்த வகை?" என்றாள். மகளைப் பார்த்தேன். "மெலிஞ்சது" என்றேன். நேற்று வந்து சேர்ந்தது. அய்சிரெக் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் ரொட்டியும் விருந்தாளியும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி துர்துபெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில், நீங்கள் கொடுத்தனுப்பிய பெட்டியை வேன் ஓட்டுநர் கொண்டுவந்தார். உள்ளே அதே மெல்லிய மடிக்கணினி. ஏப்ரலிலேயே அய்சிரெக் உங்களிடம் கேட்டு வைத்தாளாமே. ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க ரொம்ப ஆசையா தேடிக்கிட்டு இருந்தீங்கப்பா" என்கிறாள். இப்போது இரண்டில் ஒன்று எனக்கு என்று முடிவாகியிருக்கிறது. திறந்துவிட்டேன். எப்படி அணைப்பது என்று அத்தானைக் கேட்டு எழுதவும்.