காத்திருக்க ஓர் எல்லை

"ஒரு பக்க கம்ப்யூட்டர் கோடுல இருபத்திமூணு குறையா?" என்று கேட்டாள் ஹில்க்கா. காபிக் கெண்டியோடு கணவர் ரைமோவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இருபத்திநாலு. கடைசி வரியில ஒரு இடைவெளி கூடுதலா விட்டிருக்கான்."

ரைமோ ஹுக்கனென் ஊலு நகரத்துச் சமையலறை மேசையில் உட்கார்ந்தபடியே, லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஒரு மூலையை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கட்டி ஆள்பவர். மெமரி கன்ட்ரோலரின் கிளாக் டிரைவர் என்று அதற்குப் பெயர். கணினியின் நினைவகம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று தாளம் போடுவது அது. தாளம் மாறும் அந்தக் கணத்தில் நினைவகத்தைத் தூங்க வைக்க வேண்டும். அப்போது யாராவது தட்டி எழுப்பினால் கணினி கல்லாய்ச் சமைந்துவிடும். உலகில் யார் அந்த நிரலைத் திருத்தினாலும் அந்தத் திருத்தம் ரைமோவின் பார்வைக்கு வந்தாக வேண்டும். அவர் அதைக் கிழித்துத் தோரணம் கட்டுவார், எல்லாரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவில்.

"தகுதியான ஆள் ஒருத்தன் வரட்டும். அன்னைக்கே பொறுப்பைக் கொடுத்துட்டு ஏரிக்கரைக் குடிலுக்கு உன்னோட வந்துடறேன்" என்று ஹில்க்காவிடம் அவர் வாக்குக் கொடுத்துப் பதினோரு ஆண்டாகிறது. எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் தோரணத்தைப் பார்த்துவிட்டு ஓடினார்கள். குடிலில் கட்டிக் கிடக்கும் படகில் இப்போது வாத்து முட்டையிடுகிறது.

"இந்த வெள்ளிக்கிழமை கோடைத் திருநாள், யுஹான்னுஸ்" என்றாள் ஹில்க்கா. "நான் குடிலுக்குக் கிளம்பறேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி. குளிர் வர்ற வரைக்கும் திரும்ப மாட்டேன்."

சொன்னால் செய்பவள் அவள். தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டு பழுது பார்த்தவள். ஓர் இணைப்பைத் துண்டிப்பதென்று முடிவெடுத்தால் துண்டித்துவிடுவாள்.

"இந்த ஒன்பதாவது ஆள் கே. கோர்ப்பி கெட்டிக்காரன் ஹில்க்கா. இவன்தான் என் வாரிசு."

"அதை அவங்ககிட்ட சொல்லேன்யா!"

"சொல்லணுமா? இருபத்திநாலு குறை கண்டுபிடிச்சிருக்கேன்னா ஒரு எழுத்து விடாம படிச்சிருக்கேன்னுதானே அர்த்தம்?"

"நல்லதா நாலு வார்த்தை எழுது. நன்றின்னு ஒண்ணு போடு. விரலா தேஞ்சுடும்?" என்று சொல்லிவிட்டு ஹில்க்கா பையை எடுத்துக்கொண்டாள். செவ்வாயும் வியாழனும் நகரக் கல்விக்கூடத்தில் அவளுக்குக் கம்பளம் நெய்யும் வகுப்பு. இரண்டு ஆண்டாகப் போகிறாள். ஒரு கம்பளமும் வீட்டுக்கு வந்ததில்லை. நெய்து முடித்தால் காட்டுவாள் என்று ரைமோவும் கேட்டதில்லை.

அன்று மதியமே கோர்ப்பியின் திருத்தத்துக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. இருபத்திநாலும் சரியாகியிருந்தன. ஆனால் பெரிய ஓட்டை ஒன்று அப்போதுதான் கண்ணில் பட்டது. நினைவகம் 'தயார்' என்று சொல்லும் வரை நிரல் காத்திருக்கிறது. அது சொல்லவே இல்லையென்றால்?

ரைமோ வழக்கம்போல் சுடச்சுடத் திட்டி எழுதினார். பிறகு மனைவியை நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினார்: "நல்ல வேலை. நன்றி. காத்திருக்க ஓர் எல்லை மட்டும் வைத்துவிடுங்கள்." கூடவே ஒரு சிரிப்புக் குறியும் போட்டார்.

பத்தாவது நிமிடம் தொலைபேசி அலறியது. பர்னோ நகரிலிருந்து ஸ்டெனெக். கெர்னலில் பக்கத்து மூலையை ஆள்பவர்.

"ரைமோ, பக்கத்துல யாராவது துப்பாக்கியோட நிக்கறானா? ஆமான்னா இருமு."

ரைமோவுக்குக் காபி புரையேறியது.

"ஐயோ!" என்று ஸ்டெனெக் வைத்துவிட்டார்.

குழுவே கிடுகிடுத்தது. ரைமோ இருபத்திரண்டு ஆண்டில் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அவர் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள், திருடன் கெர்னலுக்குள் விஷம் வைக்கப் பார்க்கிறான் என்றார்கள். திருத்தங்களை ஏற்க அவர் பயன்படுத்தும் மின்கையொப்பச் சாவியை முடக்கினார்கள். புதிய நிரல் சேர்க்கும் கதவு ஞாயிறன்று மூடிவிடும். அதற்குள் சாவி திரும்பாவிட்டால் கோர்ப்பியின் திருத்தம் பத்து வாரம் வெளியே நிற்க வேண்டியதுதான். வாரிசும் இல்லை, குடிலும் இல்லை.

பதறிப்போய் ரைமோ எழுதினார்: "நான் நலம். உங்கள் அக்கறைக்கு நன்றி."

இரண்டாவது நன்றி! இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்து, திருடன்தான் என்று உறுதி செய்துகொண்டார்கள்.

கடைசியில் வீடியோவில் ஸ்டெனெக்கைப் பிடித்தார்.

"என் மூஞ்சியைப் பாருய்யா. நான்தான்!"

"மூஞ்சியை இப்பல்லாம் எவன் வேணும்னாலும் கம்ப்யூட்டர்லயே செஞ்சுடறான். நீ ரைமோன்னா திட்டு. குழுவுல, எல்லார் முன்னாடியும். அதை மட்டும் உன்னை மாதிரி வேற எவனாலயும் பண்ண முடியாது."

திட்டுவதற்குக் கையில் இருந்தது ஒரே ஒரு திருத்தம், கோர்ப்பியுடையது.

நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ரைமோ உட்கார்ந்தார். நன்றி சொன்ன அதே பதிப்பில் முப்பத்தொரு குறை எழுதினார். "எல்லையில்லாமல் காத்திருப்பது பொறுமை அல்ல, மடமை" என்று முடித்தார். "சந்தேகமே வேண்டாம், ரைமோதான்" என்று உலகெங்கிலுமிருந்து மகிழ்ச்சி பொங்கப் பதில்கள் குவிந்தன. சாவி திரும்பி வந்தது.

வகுப்பு முடிந்து வந்த ஹில்க்கா, வாணலியை அடுப்பில் வைத்த சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

"முப்பத்தொண்ணா? மனுஷனாய்யா நீ?"

"முப்பத்தொண்ணுன்னு உனக்கு யார் சொன்னா?"

"ஊரே சிரிக்குது!"

மறுநாள் முழுக்க, பேட்டி கொடுக்காத அமைச்சர் மாதிரி தன் மடிக்கணினியோடு படுக்கையறையிலேயே இருந்தாள். ரைமோ கருப்பு ரொட்டியைத் தனியாக மென்றார். ஒன்பதாவது ஆளையும் விரட்டிவிட்டோம், அவளையும் இழக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஹில்க்கா வகுப்புக்குப் போன அரை மணியில் மூன்றாம் பதிப்பு வந்து விழுந்தது. ஓடவில்லை! ஒன்பதாவது ஆள் ஓடவில்லை!

முப்பத்தொன்றும் சரியாகியிருந்தன. எல்லையும் இருந்தது. அதன் மேல் ஒரு குறிப்பு: "பதினொன்று வரை எண்ணிக் காத்திருக்கும். அதற்கு மேல் காத்திருப்பது மடமை என்று மூத்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்."

ரைமோ வாய்விட்டுச் சிரித்தார். சோதனைக் கணினியில் ஏற்றி ஆயிரம் முறை தாளத்தை மாற்றிப் பார்த்தார். ஒரு தடவைகூட உறையவில்லை. குறை தேடினார், கிடைக்கவில்லை. 'படித்தேன், சரி' என்று தன் பெயரைப் போட்டார். கையோடு, "இந்தப் பொறுப்பை முழுவதும் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று தனியாகக் கேட்டார்.

பதில் உடனே வந்தது: "சரி."

ஒரே சொல். வார்த்தையை வீணாக்காத நம்ம ஊர்க்காரன்தான் என்று ரைமோ பூரித்துப்போனார்.

சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. ஹில்க்கா வருவதற்குள் அவள் மனம் குளிர ஏதாவது செய்ய வேண்டும். வீட்டிலிருந்த பழைய கம்பளங்களைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு, ஆற்றங்கரையில் கம்பளம் துவைக்கும் மேடைக்குப் போனார். பைன் சோப்பைக் குழைத்து, முழங்காலிட்டுத் தேய்த்தார். பக்கத்தில் தன் கம்பளத்தை அலசிக்கொண்டிருந்தவள் இர்மா, கல்விக்கூடத்தில் தறி வகுப்பு எடுப்பவள்.

"இன்னிக்கு வகுப்பு சீக்கிரம் முடிஞ்சுதா இர்மா?"

"நாளைக்குத் திருநாளாச்சே. அனுப்பிட்டேன். நீங்க என்ன, ஒரே குஷியா இருக்கீங்க?"

"ஒரு நல்ல பையன் கிடைச்சுட்டான். என் வேலையைத் தலையில கட்டிட்டேன். நாளைக்கு ஹில்க்காவோட குடிலுக்கு! அவ நெய்யறாளே, அந்தக் கம்பளத்தைக் கணப்புக்கு முன்னாடி விரிக்கலாம்னு இருக்கேன். எவ்வளவு நீளம் வந்திருக்கு?"

இர்மா தூரிகையைக் கீழே வைத்தாள்.

"ஹில்க்காவா? அவங்க என் தறியில ஒரு நாள்கூட உக்காந்ததில்லையே. அவங்க எதிர் ரூம், கம்ப்யூட்டர் வகுப்பு. இப்பதான் ஓடி வந்து, 'கிழவன் முப்பத்தொண்ணையும் ஒத்துக்கிட்டான், வேலையும் என் கைக்கு வந்துடுச்சு'ன்னு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. கோர்ப்பின்னு பாட்டி வீட்டுப் பேர்லதான் எழுதினாங்களாம். சொந்தப் பேரைப் போட்டா நீங்க சலுகை காட்டிடுவீங்கன்னு பயமாம்!"