பட்டினிப் பாத்தி

மண்ணுக்கும் அலுப்புத் தட்டும் என்று செஞ்சி தாலுகாவில் மனதார நம்பிய ஒரே மனிதர் பட்டினி சார்தான். சர்க்கார் விவசாய இலாகா ஏட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கடைத்தெருவில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது.

மானாவாரிக் கொல்லையில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப விதைத்தால் மண் சலித்துவிடும், மாற்றி மாற்றி விதைத்தால் தெம்பு பெறும் என்பது அவருடைய ஆராய்ச்சி. அது கொல்லையோடு நிற்கவில்லை. போன வழியில் திரும்பி வரமாட்டார். நேற்று உட்கார்ந்த நாற்காலியில் இன்று உட்காரமாட்டார். நேற்றுத் தின்றதை இன்று தொடமாட்டார். ஓட்டல்காரர் அவர் தலையைக் கண்டதும் உள்ளே குரல் கொடுப்பார்: "சாருக்கு இட்லி வெக்காதடா! நேத்தே இட்லி வெளஞ்சிடுச்சி. இன்னிக்கி உப்புமா பட்டம்!"

அது யுத்த காலம். ஆண்கள் கிடைக்காததால், ரசாயனம் படித்தவள் பெண்ணானாலும் பரவாயில்லை என்று மண் பரிசோதனைக்கு என்னை அவரிடம் அனுப்பியிருந்தார்கள். படித்த பெண் டீச்சராகத்தான் இருக்க முடியும் என்பது ஊரின் முடிவு. கடைசிவரை நான் டீச்சரம்மாதான். முதல் நாள் கொளுத்தும் வெயிலில் சார் குடையைப் பிரித்தார். எனக்குத்தான் என்று நினைத்து ஓரடி நகர்ந்தேன். அவர் அதை மண் கூடைக்குப் பிடித்தார்.

"ஈரம் போயிட்டா அப்புறம் எதைம்மா பரிசோதிப்பீங்க?"

எதிரே ராஜகிரிக் கோட்டை மலை. ஒரு நாளும் அவர் அதில் ஏறியதில்லை. கோட்டை கட்டிய ராஜாவின் மேல் அவருக்குக் கோபம். "அவ்வளவு பெரிய களஞ்சியம் கட்டினானே, கீழே இருக்கிற மண்ணுக்கு என்ன குடுத்தான்?"

கொல்லையில் மூன்று பாத்திகள். ஒன்றில் எரு போட்டு வருஷா வருஷம் மல்லாட்டை. பட்டணத்தார் அதை நிலக்கடலை என்பார்கள். இரண்டாவதில் எரு இல்லாமல் மல்லாட்டை, கம்பு, கொள்ளு என்று மாறி மாறி. மூன்றாவதில் வெறும் மல்லாட்டை. எருவும் இல்லை, மாற்றமும் இல்லை. கடைசியில் மூன்றிலும் கம்பு விதைத்து ஒப்பிட வேண்டும். மூன்றாவதைவிட இரண்டாவது ஓங்கி நின்றால், எரு வாங்க வழியில்லாத குடியானவனுக்கும் ஒரு வழி உண்டு என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகத்தான் அந்த மனிதர் வருஷக்கணக்காக வெயிலில் நின்றார்.

களையெடுக்க வரும் பெண்களுக்குப் புரியவேண்டுமே என்று மூன்றாவதுக்கு அவரே ஒரு பெயர் வைத்தார். "இது பட்டினிப் பாத்தி. இதுக்கு யாரும் ஒண்ணும் குடுக்கக் கூடாது." பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றே அவர் பட்டினி சார் ஆனார். விஷயம் பெயரோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்பு வளர்ந்தது. இரண்டாவது பாத்தியில் இடுப்பளவு. பட்டினிப் பாத்தியில் ஆளுயரம். சார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து கிளறினார். சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் கையோடு வந்தன.

"அடைக்கலம்! இது இன்னா?" பதற்றத்தில் அவருக்கே ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

அடைக்கலம் களைக் கூட்டத்துக்குத் தலைவி; ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவறாத வேதக்காரி. "இன்னா பண்றது ஐயா? ஒருசந்தி இருக்கிற நாள்லகூட எங்களுக்கு ஒரு வேள கஞ்சி உண்டு. இது வருசம் பூரா வெறும் வயித்தோட கெடக்குது. மனசு கேக்கல. நீங்க அந்தாண்ட போனதும் ஆளுக்கொரு கூட கொட்டிடுவோம்."

"ரெண்டாவதுக்கும்தானே எரு இல்ல? அதுக்கு ஏன் கொட்டல?"

"அது பட்டினின்னு நீங்க சொல்லலியே!"

பின்னாலிருந்து ஒருத்தி பெருமையாகச் சொன்னாள்: "கம்பு எப்டி நிக்குது பாருங்க ஐயா! உங்களுக்கு நல்ல பேரு வருமில்ல?"

சார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பெரிய அதிகாரி வந்தார், ஆராய்ச்சியைத் தொடரலாமா என்று முடிவு செய்ய. மூன்று பாத்திகளையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னய்யா, பட்டினி கிடந்ததுதான் கொழுத்திருக்கு! மண்ணை சும்மா விடுங்கன்னு எழுதிடலாமா?"

பெண்கள் தள்ளி நின்றார்கள். உண்மை தெரிந்தால் அவர்கள் வேலை போய்விடும். நான் வாயைத் திறப்பதற்குள் சார் குடையை என் கையில் திணித்தார். "பிடிங்கம்மா, மண் காயுது." அங்கே மண் கூடையே இல்லை. பிறகு அதிகாரியிடம், "என் கவனக்குறைவு சார். பேர் வெச்சதுலயே தப்பு பண்ணிட்டேன்" என்றார். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆராய்ச்சியை மூடிவிட்டார்கள்.

மேல்மண்ணை வழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், வல்லம் பக்கம் வேறு கொல்லை பார்க்கலாம், இரண்டாவது பாத்தியை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம் என்று நான் யோசனைகளை அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாற்றல் உத்தரவு வந்ததும், "எல்லாத்தையும் நான் மாத்தினேன், என்னை அவங்க மாத்திட்டாங்க" என்றார். நான் சிரிக்கவில்லை.

அந்தக் கொல்லை முழுவதும் இப்போது வருஷா வருஷம் மல்லாட்டைதான். இரண்டாவது பாத்தி என்ன சொல்ல வந்தது என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் நான் கொல்லைப் பக்கத்து ஜன்னலில் உட்காருகிறேன்.

அவர் கிளம்பிய அன்று அடைக்கலம் பஸ்ஸுக்கு ஓடி வந்தாள். முந்தானை நிறைய அவித்த மல்லாட்டை.

"வழியில பட்டினி கெடக்காதீங்க ஐயா."

அவர் துண்டை விரித்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார். பஸ் கண்ணுக்கு மறைகிறவரை ஜன்னலோரத்தில் உரித்து உரித்துத் தின்றுகொண்டே போனார். முந்தின நாள் மாலை ஆபீஸில் நானும் அவரும் தின்றதும் மல்லாட்டைதான்.